நாடு கடந்த திட்டங்களுக்கு உதவ வேண்டுமானால் விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பிராந்திய நிர்வாகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒருவரின் கேள்வி இது. அவருடைய பகுதியில் சிறு நகராட்சிகள், தொழிற்கல்லூரிகள், சுற்றுலா வாரியம், சுற்றுச்சூழல் அமைப்புகள் இருக்கின்றன. இவை வேறு நாட்டு அமைப்புகளோடு சேர்ந்து திட்டம் போடவும் அதற்கு நிதி வாங்கவும் உதவுவதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. "நல்ல விண்ணப்பம் எழுதப் பயிற்சி கொடுத்தால் போதுமா, எந்த நிதியிலிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

பயிற்சி மட்டும் போதாது. எழுதுவது கடைசியில் வரும் வேலை. அதை ஓரளவு தெரிந்தவர் யாராவது ஒருவர் எங்கும் கிடைப்பார். சிறு அமைப்புகளிடம் யோசனைக்குப் பஞ்சம் இல்லை, ஐரோப்பாவில் நிதிக்கும் பஞ்சம் இல்லை. யோசனை தோன்றியதிலிருந்து முதல் பணம் கணக்கில் ஏறும்வரை ஒன்றரை, இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. அதுவரை இந்த வேலையைத் தூக்கிச் சுமக்க ஓர் ஆளும் இல்லை, செலவுக்குக் கையில் காசும் இல்லை என்பதுதான் பிரச்சினை. உங்கள் பிரிவு இந்த இடைவெளியை நிரப்பினால் பயன் உண்டு. அதை விட்டுவிட்டு மாதம் ஒரு கருத்தரங்கம் நடத்தினால் வருகைப் பதிவேடுதான் நிறையும்.

முதலில் நிதி எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பிராந்திய அமைப்புகளுக்கு முதல் வாசல் இன்டர்ரெக், அதாவது வெவ்வேறு நாட்டுப் பிராந்தியங்கள் சேர்ந்து வேலை செய்ய ஒன்றியம் தரும் நிதி. எல்லையோரப் பகுதிகளுக்காக 1990-இல் தொடங்கியது. இப்போது நடப்பது ஆறாவது சுற்று, 2021-2027. சுமார் 1,000 கோடி யூரோ, 86 நிகழ்ச்சித் திட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏ பிரிவு ஒரே எல்லையின் இரு பக்கத்துப் பகுதிகளுக்கு. பி பிரிவு பால்டிக் கடல், ஆல்ப்ஸ், தன்யூப் மாதிரி பல நாடுகள் சேர்ந்த பெரிய நிலப்பரப்புகளுக்கு. சி பிரிவு அனுபவப் பரிமாற்றத்துக்கு. டி பிரிவு ரீயூனியன், அசோர்ஸ், கனேரி போன்ற தொலைதூரத் தீவுகளுக்கும் பகுதிகளுக்கும். நார்வே, சுவிட்சர்லாந்து அமைப்புகளும் தங்கள் நாட்டுப் பணத்தோடு இதில் கலந்துகொள்கின்றன.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் சி பிரிவின் இன்டர்ரெக் யூரோப். பிரான்சின் லீல் நகரில் உள்ள செயலகத்திலிருந்து நடக்கும் இந்தத் திட்டத்தில் 36 நாடுகள் இருக்கின்றன. பெயர் பெரிதாக இருப்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் திறந்து பார்க்கிறார்கள். ஆனால் இது கட்டடம் கட்டவோ கருவி வாங்கவோ பணம் தரும் திட்டம் அல்ல. ஒரு பிராந்தியத்தின் கொள்கையோ நிதித் திட்டமோ மற்றவர்களிடம் கற்றுக்கொண்டு மாற வேண்டும் என்பதே இதன் நோக்கம். அந்தக் கொள்கைக்குப் பொறுப்பான அதிகார அமைப்பு உள்ளே இல்லாவிட்டால் விண்ணப்பத்துக்குப் பெரிதாக மதிப்பில்லை. உங்கள் ஊர் சூழல் அமைப்பு தனியாகப் போய் நிற்க வேண்டிய இடம் அல்ல இது. உங்கள் நிர்வாகத்தின் கொள்கைப் பிரிவு போக வேண்டிய இடம். அப்படிப் போகும்போது அந்த அமைப்பையும் கூட அழைத்துப் போகலாம்.

இன்டர்ரெக்குக்கு வெளியேயும் வாசல்கள் உண்டு. சிறு அமைப்புகளுக்கு நான் முதலில் காட்டுவது எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தின் சிறிய கூட்டாண்மைகள். 30,000 அல்லது 60,000 யூரோ மொத்தத் தொகையாகக் கிடைக்கும். ஒவ்வொரு பில்லையும் காட்ட வேண்டாம், ஒப்புக்கொண்ட வேலை நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள். கலை, பண்பாட்டு அமைப்புகளுக்கு கிரியேட்டிவ் யூரோப். அதன் சிறிய ஒத்துழைப்புத் திட்டங்களுக்கு 2 லட்சம் யூரோ வரை, செலவில் 80 சதவீதம் வரை தருவார்கள். இயற்கைப் பாதுகாப்புக்கும் காலநிலைக்கும் லைஃப். ஹொரைசன் யூரோப்பின் 9,000 கோடிக்கும் மேற்பட்ட யூரோவைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். ஆராய்ச்சி நிறுவனங்களோடு தோளோடு தோள் நின்று போட்டியிட வேண்டிய களம் அது. ஒரு நகராட்சி அதில் தலைமை தாங்கப் போவது பெரும்பாலும் வீண் முயற்சி. பல்கலைக்கழகம் தலைமை தாங்கும் குழுவில் சோதனைக் களமாகச் சேர்வது நல்ல முயற்சி.

இந்தப் பட்டியலை யாரிடமும் முதல் சந்திப்பிலேயே கொடுக்காதீர்கள். விண்ணப்பங்களுக்கான அழைப்பு அறிவிப்பைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப ஒரு பிரச்சினையைத் தேடுகிறவர்கள் ஆறு மாதத்தில் சோர்ந்துபோவார்கள். பிரச்சினையோடு வருகிறவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: இந்த வேலையில் வெளிநாட்டுக் கூட்டாளி இல்லையென்றால் என்ன நின்றுபோகும்?

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். ஓர் ஆறு இரு நாடுகள் வழியாக ஓடுகிறது. மேல்பக்க நாட்டில் மதகு திறந்த தகவல் கீழ்ப்பக்க நகராட்சிக்கு மறுநாள் காலைதான் வருகிறது. அதற்குள் ஆற்றங்கரைத் தெருவில் தண்ணீர் ஏறிவிடுகிறது. கூட்டாளி இல்லாமல் இதைத் தீர்க்கவே முடியாது. இது நாடு கடந்த திட்டம். கீழ்ப்பக்க நகராட்சி தன் ஊர்க் கால்வாயைத் தூர் வார நினைத்து, அதற்கு ஒரு வெளிநாட்டு நகராட்சியைப் பெயருக்குச் சேர்த்தால் அது உள்ளூர் வேலை. விண்ணப்பத்தில் எவ்வளவு பூசி மெழுகினாலும் மதிப்பீட்டாளர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அதற்கு உள்நாட்டு நிதியைக் காட்டி அனுப்பிவிடுவதும் உங்கள் உதவிதான். "இது இங்கே ஆகாது" என்று முதல் மாதமே சொன்னால் ஒரு சிறு அமைப்பின் ஒரு வருட உழைப்பு மிஞ்சும்.

சட்டமும் இதையேதான் கேட்கிறது. 2021/1059 எண்ணுள்ள இன்டர்ரெக் ஒழுங்குமுறையின்படி கூட்டாளிகள் திட்டத்தைச் சேர்ந்து உருவாக்க வேண்டும், சேர்ந்து நடத்த வேண்டும். அதோடு ஆட்களை அமர்த்துவதிலோ பணம் போடுவதிலோ, இரண்டிலுமோ சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்து உருவாக்குவது என்பதை எல்லோரும் எளிதாகத் தாண்டிப் போகிறார்கள். தலைமைக் கூட்டாளி முழுத் திட்டத்தையும் எழுதி முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் "கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புவது சர்வ சாதாரணம். அப்படி வந்த கூட்டாளி முதல் அரையாண்டு அறிக்கையிலேயே காணாமல் போவார். அவர் விட்ட வேலைக்கு நிகழ்ச்சித் திட்டத்தின் செயலகத்திடம் பதில் சொல்ல வேண்டியவர் தலைமைக் கூட்டாளி. தவறாகச் செலவான பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னாலும் கடிதம் முதலில் அவருக்குத்தான் வரும்.

ஆகவே உங்கள் பிரிவின் பணத்தில் முதல் பங்கு பயணச் செலவுக்குப் போகட்டும். இரண்டு நகராட்சி அதிகாரிகளை எல்லை தாண்டி அனுப்பி, எதிர்ப்பக்கத்தில் அதே பொறுப்பில் இருப்பவரோடு ஒரு நாள் முழுக்க உட்காரவையுங்கள். தலைவர்கள் சந்திப்பதை நான் சொல்லவில்லை. தலைவர்கள் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள், மதகைத் திறக்கிற பொறியாளர் அங்கே இருக்க மாட்டார். இந்தத் தயாரிப்புக்கு என்றே நிதி கொடுக்கும் ஏற்பாடுகள் சில இடங்களில் உண்டு. தன்யூப் பகுதியில் விதைப் பணம் என்ற பெயரிலேயே ஒரு ஏற்பாடு இருந்திருக்கிறது. பொதுவாகவோ, தயாரிப்புச் செலவை ஒரு மொத்தத் தொகையாகத் திருப்பித் தரும் திட்டங்கள்கூட அங்கீகாரம் கிடைத்தவர்களுக்கு மட்டுமே தருகின்றன. தோற்றவருக்கு ஒரு சல்லிக் காசும் வராது. சிறு அமைப்புகள் ஒதுங்கி நிற்க இது ஒரு காரணம். பிராந்திய நிர்வாகம் தன் சொந்தப் பணத்தில் ஒரு சிறு தயாரிப்பு நிதி வைத்தால் இந்தத் தயக்கம் போகும்.

இனி பணம் கைக்கு வரும் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் கடைசி ஸ்லைடில் வைப்பார்கள்.

இன்டர்ரெக் பணம் பெரும்பாலும் செலவு செய்தபின் திருப்பித் தரப்படும் பணம். ஒரு கூட்டாளியின் பங்கு மூன்று வருடத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் யூரோ என்று வைத்துக்கொள்வோம். அரையாண்டுக்கு 40,000. ஜனவரி முதல் ஜூன் வரை அந்தப் பணத்தைத் தன் கையிலிருந்து செலவழிக்கிறார். ஜூலை, ஆகஸ்டில் கணக்கைத் தொகுக்கிறார். கோடை விடுமுறையில் கணக்காளர் ஊரில் இருக்க மாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் நாட்டுக் கட்டுப்பாட்டாளர் சரிபார்க்க மூன்று மாதம் வரை எடுத்துக்கொள்ளலாம். நவம்பர் முடிந்துவிட்டது. எல்லாக் கூட்டாளிகளின் சான்றிதழ்களும் வந்தால்தான் தலைமைக் கூட்டாளி ஒன்றாகச் சேர்த்துக் கோர முடியும். ஒருவர் தாமதித்தால் எல்லோருக்கும் தாமதம், அல்லது அவருடைய கணக்கு அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும். செயலகம் கேள்வி கேட்கும், பதில் போகும். பணம் கொடுக்க, நிகழ்ச்சித் திட்டத்தை நடத்தும் நிர்வாக அமைப்புக்குச் சட்டம் தரும் கெடு 80 நாள். முதல் 40,000-இல் 80 சதவீதமான 32,000 யூரோ கைக்கு வரும்போது அடுத்த வருடம் பிறந்து பிப்ரவரி, மார்ச் ஆகியிருக்கும். அதற்குள் இரண்டாம் அரையாண்டின் 40,000-மும் செலவாகி, மூன்றாவதும் ஓடிக்கொண்டிருக்கும். 90,000 யூரோவைக் கையிலிருந்து போட முடியாத அமைப்பு இந்தத் திட்டத்தில் இருக்க முடியாது. அதன் யோசனை எத்தனை நல்லதாக இருந்தாலும் சரி.

மீதி 20 சதவீதமும் எங்கிருந்தோ வர வேண்டும். நிகழ்ச்சித் திட்ட அளவில் ஒன்றியத்தின் பங்கு பொதுவாக 80 சதவீதத்தைத் தாண்டாது, தொலைதூரப் பகுதிகளுக்கு 85. சில நாடுகள் இந்த மிச்சத்தில் ஒரு பகுதியைத் தேசிய நிதியிலிருந்து தாமாகவே தருகின்றன. உங்கள் நாட்டில் அந்த வழி இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே தேசியத் தொடர்பு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரு பிராந்திய நிர்வாகம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, என் பார்வையில், இங்கேதான் இருக்கிறது. வட்டியில்லாத சுழல்நிதி ஒன்று வைத்து, அங்கீகரிக்கப்பட்ட திட்டத்துக்கு முன்பணம் கொடுத்து, ஒன்றியத்தின் பணம் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும் பணம் என்பதால் மானியத்தைவிட இது மலிவு. அது முடியாதென்றால் சிறு அமைப்பை முழுக் கூட்டாளியாக வைக்காமல் தனி பட்ஜெட் இல்லாத இணைக் கூட்டாளியாக வைத்து, அதன் பயணச் செலவை ஒரு பெரிய கூட்டாளி ஏற்கலாம். எல்லையோரத் திட்டங்கள் பலவற்றில் சிறுதிட்ட நிதி என்று ஒன்று உண்டு. அங்கே கெடுபிடி குறைவு. பிரஸ்ஸல்ஸிலிருந்து நேரடியாகவோ தேசிய முகமைகள் வழியாகவோ நடத்தப்படும் திட்டங்கள் ஒப்பந்தம் கையெழுத்தானதும் முன்பணம் தருவது வழக்கம். எராஸ்மஸ் பிளஸ்ஸை முதலில் காட்டுவேன் என்று மேலே சொன்னதற்கு அதுவும் காரணம்.

பட்ஜெட் போடுவதில் ஒரு விஷயம் தெரிந்தால் பாதிக் காகிதம் குறையும். இப்போதைய விதிகளில் பிளாட் ரேட் முறை, அதாவது பில் காட்டாமல் ஒரு நிலையான சதவீதத்தைப் போட்டுக்கொள்ளும் முறை, பரவலாக இருக்கிறது. ஊழியர் செலவு 1 லட்சம் யூரோ என்றால் அலுவலகச் செலவாக 15 சதவீதம் அப்படியே போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்கும் 15 சதவீதம் வரை அதே மாதிரி. இன்னொரு வழி, ஊழியர் செலவுக்கு மேல் 40 சதவீதம் போட்டு மற்ற எல்லாவற்றையும் அதிலேயே அடக்கிவிடுவது. மொத்தம் 1 லட்சத்து 40 ஆயிரம், பேருந்து டிக்கெட் முதல் மொழிபெயர்ப்பு பில் வரை எதையும் காட்ட வேண்டாம். எது நல்லது? ஆட்களை வைத்து நடக்கும் வேலை என்றால் 40 சதவீதம் சுகம். வெளியாளிடம் பெரிய ஆய்வு கொடுக்க வேண்டும், கருவி வாங்க வேண்டும் என்றால் அந்த 40,000 முதல் வருடத்திலேயே கரைந்துவிடும். அப்போது உண்மைச் செலவுக் கணக்குதான் சரி. எந்த நிகழ்ச்சித் திட்டம் எந்த வழியை அனுமதிக்கிறது என்பது அதன் கையேட்டில் இருக்கும். அதை யோசனைக் கட்டத்திலேயே படித்துவிடுங்கள், பட்ஜெட் போடும் நாள்வரை தள்ளிப்போட வேண்டாம்.

திட்டத்துக்கு அழகான சுருக்கப்பெயர் வைப்பதற்காகக் கூட்டாளிகள் நடத்தும் மின்னஞ்சல் விவாதத்தில் பாதி நேரத்தை இந்தக் கையேட்டுக்குக் கொடுத்தால் பல செயலகங்களின் கேள்விகள் குறையும்.

சிரமம் பிடித்த ஒரு வேலை எப்படி முடிந்தது என்பதற்கு செர்தான்யா மருத்துவமனையைப் பாருங்கள். பிரனீஸ் மலைக்குள் ஒரே பள்ளத்தாக்கு, பாதி பிரான்ஸ், பாதி ஸ்பெயினின் கட்டலோனியா. பிரெஞ்சுப் பக்கத்தில் இருப்பவர் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் மலைப்பாதையில் நூறு கிலோமீட்டர் அளவுக்கு இறங்கி பெர்பின்யான் போக வேண்டும். இரு பக்கத்துக்கும் பொதுவாக, ஸ்பெயின் பக்கத்து புய்சர்தாவில் ஒரு மருத்துவமனை 2014-இல் திறந்தது. கட்டுமானச் செலவு சுமார் 3.1 கோடி யூரோ, அதில் ஏறத்தாழ 60 சதவீதம் ஐரோப்பியப் பிராந்திய மேம்பாட்டு நிதியிலிருந்து வந்தது.

கட்டடத்தைவிடக் கடினமாக இருந்தவை வேறு. பிரெஞ்சுத் தாய்க்கு ஸ்பெயின் மண்ணில் பிறந்த குழந்தையின் பிறப்புப் பதிவு எங்கே? அங்கே இறந்தவரின் உடலை எல்லை தாண்டிச் சில கிலோமீட்டர் கொண்டுபோக எத்தனை அனுமதிகள்? ஆம்புலன்ஸ், காப்பீடு, மருத்துவர் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டியிருந்தது. இதை நடத்த 2010-இல் ஓர் ஐரோப்பியப் பிராந்திய ஒத்துழைப்புக் குழுமம் அமைத்தார்கள். இரு நாட்டுப் பொது அமைப்புகள் சேர்ந்து தனிச் சட்ட ஆளுமையுள்ள ஒரே அமைப்பாக ஆக 2006-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஒன்று வழி செய்திருக்கிறது. ஆட்களை வேலைக்கு எடுக்கலாம், ஒப்பந்தம் போடலாம். அந்த வழியில் முதலில் உருவானது 2008-இல் லீல், கோர்ட்ரிக், துர்னே பகுதிகளின் குழுமம். ஆனால் எல்லாவற்றுக்கும் குழுமம் அமைக்கக் கிளம்பக் கூடாது. மூன்று வருடத் திட்டத்துக்கு ஒரு கூட்டாண்மை ஒப்பந்தம் போதும். திட்டம் முடிந்தபின்னும் தினமும் நடக்க வேண்டிய சேவை ஏதாவது இருந்தால் மட்டும் குழுமத்தைப் பற்றி யோசியுங்கள்.

பணம் கொடுத்தும் தீராத சட்டச் சிக்கல்களும் எல்லைகளில் நிறைய உண்டு. அவற்றை ஆராய்வதற்கென்றே பி-சொல்யூஷன்ஸ் என்ற முயற்சி இருக்கிறது. எல்லையோரப் பிராந்தியங்களின் சங்கம் அதை நடத்துகிறது. உங்களிடம் வரும் யோசனை அந்த வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் தடுக்கும் இடத்தில் திட்டம் போட்டால் மூன்று வருடம் கழித்து அழகான அறிக்கை ஒன்றுதான் கிடைக்கும்.

கன்சல்டன்ட் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வைக்கலாம், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து. நிதி கிடைத்தால் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவரிடம் எச்சரிக்கை தேவை. அந்தச் சதவீதத்தைத் திட்டச் செலவில் காட்ட முடியாது. கொள்முதல் விதியைத் தாண்டி அவரையே பின்னால் வேலைக்கு அமர்த்தினால் ஆடிட்டில் பிடிபடும். அதைவிட முக்கியம், அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன திட்டத்தை நடத்தப் போகிறவர்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. இப்படி ஒரு திட்டத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பத்தாவது மாதம் கூட்டத்தில் "இந்த மொபைல் செயலியை யார் செய்கிறோம்?" என்று தலைமைக் கூட்டாளி கேட்டார். செய்வதாக ஒப்புக்கொண்டது அவருடைய அமைப்புதான், விண்ணப்பத்தின் பக்கம் 34-இல் இருந்தது.

சந்தைப் போட்டி கெடாதபடி நிறுவனங்களுக்குப் போகும் பொதுப் பணத்தைக் கட்டுப்படுத்தும் அரசு உதவி விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டாளிகளில் ஒருவர் சந்தையில் போட்டியிடும் வேலை செய்தால், உதாரணமாகச் சுற்றுலா நிறுவனம், அவர் பெறும் பணம் அரசு உதவியாகக் கணக்கிடப்படலாம். மூன்று வருடத்துக்கு 3 லட்சம் யூரோ என்ற சிறு உதவி வரம்பு 2024-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அவர் ஏற்கெனவே வேறு இடங்களில் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மதிப்பீட்டுக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண்ணைவிட அதன் கீழே எழுதியிருக்கும் வாக்கியங்கள் முக்கியம். "கூட்டாளிகளின் பங்கு தெளிவில்லை" என்றால் திருத்தி அடுத்த அழைப்பில் போடலாம். "எல்லை கடந்த தேவை நிறுவப்படவில்லை" என்றால் திருத்த வேண்டாம், நான் முன்பு சொன்ன அந்தக் கேள்விக்குத் திரும்புங்கள். நிராகரிப்பு வந்த வாரத்திலேயே கூட்டாளிகளோடு ஒரு தொலைபேசிக் கூட்டம் போட்டுவிட வேண்டும். இரண்டு மாதம் விட்டால் அவரவர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், அடுத்த முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 2021-2027 சுற்றின் பணத்தில் பெரும்பகுதி பல நிகழ்ச்சித் திட்டங்களில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது. செலவுகள் 2029 முடியும்வரை ஏற்கப்படும் என்பதால் நடக்கும் திட்டங்கள் தொடரும், மிச்சம் இருக்கும் இடங்களில் சிறிய அழைப்புகள் வரலாம். நீங்கள் இப்போது தேர்ந்தெடுக்கும் கூட்டாளிகளோடு பெரிய திட்டம் போடப் போவது 2028-இல் தொடங்கும் அடுத்த சுற்றில்தான் இருக்கும். அதற்கு முன் 30,000 யூரோ அளவில் ஒரு சிறு வேலையை அவர்களோடு செய்து பாருங்கள். யார் அறிக்கையைக் கெடுவுக்குள் அனுப்புகிறார், யாரைத் துரத்த வேண்டியிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.